துருவியும் பேடண்டும்

ஒரு பொருளைப் புதிதாகக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் அல்ல. சாய்வு நாற்காலி ஒன்றும், பகல் போஜனத்துக்குப் பிறகு அரை மணி நேர ஓய்வும் இருந்தால் போதும். கண்டுபிடித்ததை மரத்திலும் இரும்பிலும் செய்து பார்க்கப் புறப்படும்போதுதான் சங்கடங்கள் ஆரம்பமாகின்றன.

நாம் கண்டுபிடித்தது ஒரு தேங்காய்த் துருவி. நேயர்கள் சிரிக்க வேண்டாம். மேஜை விளிம்பில் பொருத்திக் கைப்பிடியால் சுற்றும் துருவிகள் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் வெள்ளைப் பகுதி தீர்ந்து கொட்டாங்கச்சியில் பல் பட்ட பிறகும் அவற்றின் கத்தி நிற்பதில்லை. ஓட்டின் தூள் துருவலில் கலந்து சட்னியின் நிறத்தைக் கெடுத்துவிடுகிறது. ஓடு தட்டியதும் கத்தி தானே பின்வாங்கும்படி அதன் அடியில் ஒரு சுருள்வில்லை வைத்தால் என்ன என்று தோன்றிற்று. காகிதத்தில் அது மிக அழகாகவே வேலை செய்தது.

இங்கேதான் சட்டம் குறுக்கிட்டது. பேடண்ட் வேண்டுமானால், விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் சமாசாரம் ஊரில் பரவியிருக்கக் கூடாது. மாதிரி செய்ய வேண்டுமானாலோ, யாராவது ஒரு தொழிலாளியிடம் படத்தை விரித்துக் காட்டியே ஆக வேண்டும். சொன்னால் உரிமை போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் பொருளே இல்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. தற்காலிக விவரணம் என்ற ஒன்றை முதலில் தாக்கல் செய்துவிட்டால், அன்றைய தேதி நமக்கு உறுதியாகிவிடும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணத்தைக் கொடுத்தால் போதும். தனி மனிதருக்குக் கணினி வழியாகச் செலுத்தும் கட்டணம் 1,600 ரூபாய். கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு ரயில் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லாமல், கோயமுத்தூரில் வீட்டிலிருந்தபடியே காரியம் முடிந்தது.

மாதிரியையும் கொண்டுவா என்று அலுவலகத்தார் கேட்பார்களோ என்று வீட்டார் விசாரித்தார்கள். கேட்பதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் எல்லோரையும் கேட்பதில்லை. அமெரிக்காவிலே 1880 வரையில் மாதிரி கொடுப்பது கட்டாயமாக இருந்தது. 1836-ல் அங்கே காரியாலயம் தீப்பற்றியபோது ஏறக்குறைய 7,000 மாதிரிகள் சாம்பலாயின. நம் நாட்டில் அதே வருஷத்திலிருந்து இருபது ஆண்டு கழித்துத்தான் முதல் பேடண்ட் சட்டம் வந்தது. 1856-ல் அதன்கீழ் முதல் மனுக் கொடுத்தவர் கல்கத்தாவிலிருந்த டிபென்னிங் என்பவர். அவர் கண்டுபிடித்தது பங்கா இழுக்கும் யந்திரம்! துரைமார்களுக்குக் காற்று வீச யந்திரம் செய்யலாமென்றால், நம் வீட்டுச் சட்னிக்கு ஒன்று செய்யக் கூடாதா?

மாதிரிகள் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தை முதலில் அணுகினோம். பளபளப்பான அறையில் காபி கொடுத்தார்கள். பிறகு 1,80,000 ரூபாய் என்று ஒரு கணக்கும் கொடுத்தார்கள். அதில் வார்ப்பு அச்சுக்கான தொகையும் அடக்கம். வேலை செய்யுமா செய்யாதா என்றே தெரியாத ஒரு பொருளுக்கு அச்சு எதற்கு என்று கேட்டோம். அதற்குப் பதிலாக இன்னொரு காபி வந்தது.

கடைசியில் நாம் போய்ச் சேர்ந்த இடம், இரண்டு லேத்துகளும் ஒரு துளையிடும் யந்திரமும் உள்ள ஒரு சின்னப் பட்டறை. மேஸ்திரியிடம் இரகசிய உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்கினோம். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, தேங்காய்த் துருவிக்கா இவ்வளவு என்பது போல் நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். முதல் மாதிரிக்குக் கூலி 4,500 ரூபாய் என்று தீர்மானமாயிற்று.

பத்து நாளில் மாதிரி தயாராயிற்று. படத்தில் உள்ளபடியே ஒரு நூல் பிசகாமல் செய்திருந்தார். ஆனால் துருவிக் காட்டிவிட்டு, கைப்பிடியை விடாமலே சொன்னார்:

"ஏனுங்க, வில்லைக் கொண்டுபோய்த் தேங்காய்க்குள்ளேயே வெச்சிருக்கறீங்க. பாலும் துருவலும் ஏறி ரெண்டு மாசத்துல இறுகிப் போயிருமுங்க. இதைக் கைப்பிடிப் பக்கம் கொண்டு வந்துட்டா என்னங்க?"

சொன்னதோடு நிற்கவில்லை. பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகளை எதிரும் புதிருமாகப் பொருத்தி, வெளியிலிருந்து ஒரு வில் அவற்றை நெருக்கிப் பிடிக்கும்படி செய்து, ஒரு வாரத்தில் இரண்டாவது மாதிரியைக் கொண்டுவந்தார். கத்தி ஓட்டைத் தொட்டு இழுவை அதிகமானால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, 'டக் டக்' என்று ஓசை எழுகிறது, கத்தி நின்றுவிடுகிறது. வீட்டில் ஏழு மூடிகள் துருவப்பட்டன. துருவல் மல்லிகைப் பூ மாதிரி விழுந்தது.

இப்போது கண்டுபிடித்தவர் யார்? நண்பர் ஒருவர், "கூலி கொடுத்தாயிற்றே, பெயர் எதற்கு?" என்றார். சொன்னபடி செய்து கொடுப்பதற்குத்தான் கூலி. சொல்லாததை யோசித்துக் கொடுத்தவர் கண்டுபிடிப்பாளர். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் யார் என்று விண்ணப்பத்தில் உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. உரிமை இல்லாதவர் வாங்கிய பேடண்டைப் பின்னால் ரத்து செய்யவும் இடம் உண்டு. சட்டமே இல்லாவிட்டாலும், அந்த 'டக் டக்' ஓசையைக் கேட்கும்போதெல்லாம் அது யாருடையது என்று நமக்குத் தெரியாமல் போகுமா?

இன்னொரு சிக்கலும் இருந்தது. பல் தகடுகள் நம்முடைய தற்காலிக விவரணத்தில் இல்லை. ஆகையால் பழைய தேதி அவற்றுக்குச் செல்லாது. எனவே, இருவரையும் கண்டுபிடிப்பாளர்களாகக் குறிப்பிட்டு இரண்டாவது தற்காலிக விவரணம் ஒன்றைத் தாக்கல் செய்தோம். இவ்விதம் தொடர்புள்ள இரண்டையும் சேர்த்து, முதலாவதின் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஒரே முழு விவரணமாகக் கொடுக்கலாம். பேடண்ட் கிடைத்தால் 20 வருஷம் செல்லும். கிடைப்பதற்கு முன்னால் பரிசோதகரின் ஆட்சேபங்கள் வரும்; அவற்றுக்குப் பதில் எழுத வேண்டும். நம் துருவி இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

தாக்கல் செய்வதற்கு முந்திய நாள் காகிதங்களைப் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். மேஸ்திரி கையை எண்ணெய்த் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கப்பா பேரோட முதல் எழுத்து விட்டுப் போச்சுங்களே, அதையும் சேர்த்துப் போட்டுருங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து திருத்தினோம்.