ஏதேனும் ஒரு பட்டம்

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பின் விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்துக்கு நேரே 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று போட்டிருப்பார்கள். எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு பி.எஸ்ஸி. வேதியியல் வேண்டும், எம்.காமுக்கு பி.காம். வேண்டும். சமூகப்பணிக்கு மட்டும் கதவு இப்படி அகலத் திறந்து கிடப்பதைப் பார்த்து என் மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "யாரு வேணும்னாலும் சேரலாம்னா அதுல என்னம்மிணி பெருசா இருக்கப் போகுது? சேவை பண்றதுக்கு ரெண்டு வருசம் பீஸ் கட்டிப் படிக்கோணுமா? ரோட்டரில சேந்தா சும்மாவே பண்ணலாமே" என்றார். அவர் ரோட்டரியில் இருந்தவர், ரத்த தான முகாம்களை முன்னின்று நடத்தியவர். ஆகையால் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. ஆனால் ஒரு வாய் காபிக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை.

நான் படித்தது பி.எஸ்ஸி. வேதியியல். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை. வெளிநாட்டுப் பையர் அனுப்பும் துணித் துண்டைப் பார்த்து அதே ஷேடு வருகிறவரை சாயமும் உப்பும் சோடாவும் மாற்றி மாற்றிக் கலந்து சின்னத் துண்டுகளை முக்கி எடுப்பது காலை வேலை. வெளியேறும் தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்து ரெஜிஸ்டரில் எழுதுவது மாலை வேலை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாதபடி செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தீர்ப்பில் தவறு சொல்ல முடியாது. பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரைத் தேக்கி வைத்த கதை நொய்யல் கரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே வாரம் தென் மாவட்டங்களுக்கும் ஒடிசாவுக்கும் மூட்டையோடு கிளம்பிய ஆட்களையும் நான் பார்த்தேன். அந்த உப்புத் தண்ணீர் யார் வயலுக்குப் போனது, பட்டறை நின்றதும் யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்பதற்கு என் ரெஜிஸ்டரில் கட்டமே கிடையாது. வேறு வேலை தேடுவதற்குப் பதிலாக அந்த ஜூனில் கோவையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தேன்.

வகுப்பைப் பார்க்க வேண்டுமே! பி.காம்., கணிதம், தமிழ் இலக்கியம், பயோடெக், எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங், பக்கத்து கான்வென்டிலிருந்து இரண்டு சிஸ்டர்கள், குருமடத்திலிருந்து ஒரு பிரதர். பி.எஸ்.டபிள்யூ. முடித்து வந்தவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடக்கம். முதல் செமஸ்டரில் சமூகவியலையும் உளவியலையும் எங்கள் தொண்டைக்குள் அவசர அவசரமாக இறக்கினார்கள். பி.எஸ்.டபிள்யூ.காரர்களுக்கு எல்லாம் தெரிந்த பாடம், கொட்டாவி. மற்றவர்களுக்கு மூச்சு முட்டியது. புத்தகம் எல்லாம் ஆங்கிலம், உதாரணம் எல்லாம் அமெரிக்கா. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வகுப்பறை அல்ல, ஃபீல்டு ஒர்க். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது. ஆஸ்பத்திரி, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, தொண்டு நிறுவனம் என்று ஆளுக்கொரு இடத்துக்கு அனுப்புவார்கள். போய் வந்து ரெக்கார்டு எழுதி வைக்க வேண்டும். முதல் ரெக்கார்டில், ஒரு நோயாளியின் மனைவியைப் பற்றி, 'மிகவும் மனமுடைந்த நிலையில் இருந்தார்' என்று எழுதியிருந்தேன். ரெக்கார்டுகளைத் திருத்தும் மேடம் 'மனமுடைந்த' என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் 'என்ன பார்த்தாய்?' என்று கேட்டிருந்தார்.

எனக்கு அந்த வட்டம் வேறு மாதிரி புரிந்தது. வேதியியல் படித்தவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு தெரியும். ரெக்கார்டில் மூன்று பத்தி போட்டு, சோதனையை ஒன்றிலும், கண்ணால் கண்டதை ஒன்றிலும், அதிலிருந்து அறிந்ததை ஒன்றிலும் எழுத வேண்டும். உப்புக் கரைசலில் புதிதாகத் தயாரித்த பெரஸ் சல்பேட்டை ஊற்றி, குழாயின் உள்சுவர் ஓரமாக அடர் கந்தக அமிலத்தை மெதுவாக வழியவிட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் தெரியும். 'பழுப்பு வளையம் தோன்றியது' என்பது நடுப் பத்தி. 'நைட்ரேட் உள்ளது' என்பது கடைசிப் பத்தி. நடுப் பத்தியைக் காலியாக விட்டுவிட்டுக் கடைசிப் பத்தியை நிரப்பினால் லேப் அசிஸ்டென்ட் அண்ணாகூடச் சிரிப்பார். அன்றிலிருந்து ஃபீல்டு ஒர்க் நோட்டிலும் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இடப் பக்கம்: 'மூன்று முறை கேட்ட பிறகுதான் பதில் சொன்னார். கையில் இருந்த சீட்டை மடித்துக்கொண்டே இருந்தார். மதியச் சாப்பாடு வாங்கவில்லை.' வலப் பக்கம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. மேடத்துக்கு அது பிடித்துப் போயிற்று.

அந்தக் கோட்டின் பலன் ஒரு காசநோய் மையத்தில் தெரிந்தது. இப்போது தினசரி மருந்துமுறை வந்துவிட்டது. அப்போது முதல் கட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் மையத்துக்கு வந்து, பணியாளர் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். விசைத்தறி ஓட்டும் ஒருவரின் அட்டையை என்னிடம் கொடுத்து, "இந்த ஆளு ஒழுங்கா வர்றதே இல்லை, கொஞ்சம் கவுன்சிலிங் குடும்மா" என்றார்கள். குடிகாரராக இருக்கும் என்றார் ஒருவர். அக்கறை இல்லாதவர் என்றார் இன்னொருவர். கடைசிப் பத்தி நிரம்பி வழிந்தது. அட்டையைப் பார்த்தால், ஒரு வாரம் மூன்று நாளும் டிக். அடுத்த வாரம் மூன்று நாளும் வெற்றிடம். அதற்கடுத்த வாரம் மறுபடி மூன்று டிக். குடிகாரர் இவ்வளவு கணக்காகவா குடிப்பார்?

அவர் வந்த வாரத்தில் உட்கார வைத்து, "ஷிப்டு எப்படிங்கண்ணா?" என்று மட்டும் கேட்டேன். "ஒரு வாரம் பகலுங்க, ஒரு வாரம் ராத்திரிங்க. ராத்திரி ஷிப்டுன்னா காத்தால எட்டுக்கு விட்டுருவாங்க, நேரா இங்க வந்துட்டுப் போயிப் படுத்துக்குவனுங்க. பகல் ஷிப்டுன்னா எட்டுக்குத் தறில நிக்கோணும், இங்க ஒம்பதுக்குத்தானுங்க தொறக்கறாங்க" என்றார். அதுவரை அவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. உள்ளூரில் யாரையாவது மருந்து கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளத் திட்டத்திலேயே வழி இருந்தது. தறிக்கூடத்துக்கு எதிரில் இருக்கும் மளிகைக் கடையை நர்ஸ் அக்கா சொன்னார். தறிக்காரர் மறுத்துவிட்டார். "கடைக்காரருக்குத் தெரிஞ்சா எனக்கு டீ கிளாஸைத் தனியா எடுத்து வெச்சிருவாருங்க." கடைசியில் அவரே சொன்ன ஆள், அவர் தெருவிலேயே குடியிருக்கும் அங்கன்வாடி டீச்சர். பகல் ஷிப்டு வாரத்தில் காலை ஏழரைக்கு டீச்சர் வீட்டுத் திண்ணையில் மாத்திரை. அதற்குப் பிறகு அட்டையில் வெற்றிடம் விழவில்லை.

அட்டையில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இருப்பதைக் கண்டுபிடித்தது வேதியியல். மளிகைக் கடை ஏன் ஆகாது என்பதை வேதியியல் ஒரு நாளும் சொல்லியிருக்காது. என் மாமாவுக்கான பதிலில் பாதி இதில் இருக்கிறது.

மீதிப் பாதி இந்தத் துறையின் வரலாற்றில் இருக்கிறது. சமூகப்பணியைக் கட்டியவர்களில் யாரும் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் இல்லை. 1917-இல் 'சோஷியல் டயக்னோசிஸ்' என்ற பெரிய நூலை எழுதி, ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி விசாரித்து எழுத வேண்டும் என்று வகுத்துக் கொடுத்த மேரி ரிச்மண்ட், கல்லூரி வாசலை மிதிக்காதவர், கணக்கு எழுதிப் பிழைத்தவர். பால்டிமோரின் அறநிலையச் சங்கத்தில் அவர் நுழைந்ததே உதவிப் பொருளாளராகத்தான். கணக்குப்பிள்ளைக்கே உரிய பிடிவாதம் அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889-இல் தொடங்கிய ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஆலிஸ் ஹாமில்டன் ஒரு டாக்டர். அக்கம்பக்கத்துத் தொழிலாளர்களோடு பழகிப் பழகி, ஈய நச்சு எந்தெந்தத் தொழிற்சாலையில் எப்படி உடம்புக்குள் போகிறது என்று தேடிப் போனார். சாயப்பட்டறையிலிருந்து வந்த எனக்கு அவரைப் படித்தபோது சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. பம்பாயில் 1936-இல் தொடங்கிய டாட்டா சமூகப்பணிப் பள்ளியின் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட், இறையியல் படித்த அமெரிக்க மிஷனரி. 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த மேரி கிளப்வாலா ஜாதவ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ வீரர்களுக்கு விருந்தோம்பல் குழு நடத்தியவர். 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று கதவைத் திறந்து வைத்திருப்பது தாராளத்தால் மட்டுமல்ல, இந்தத் துறை பிறந்த விதமே அப்படி.

ஆனால் கொண்டுவந்த படிப்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. உப்புக்கு நம்மைத் தெரியாது. சோதனைக் குழாயில் இருக்கிற நைட்ரேட், வந்திருப்பவள் யார், இவளிடம் என்ன சொன்னால் என்ன கிடைக்கும் என்று யோசிப்பதில்லை. மனிதர்கள் யோசிப்பார்கள், யோசிக்கத்தான் வேண்டும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் நோட்டுமாக நாங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே, ஏதோ கணக்கெடுப்பு என்று வீட்டில் இருக்கும் டி.வி. மறைந்துவிடும், இல்லாத கடன் முளைத்துவிடும். இதில் கெட்டிக்காரன் எங்கள் வகுப்பில் தமிழ் இலக்கியம் படித்து வந்தவன். எங்களில் யாருக்கும் கேட்காதது அவனுக்குக் கேட்கும். கிராம முகாமில் ஊர் மக்களை வைத்தே கோலப்பொடியால் தரையில் ஊரின் வரைபடம் போடச் சொன்னோம். ஆண்கள் ரோடு, கோயில், ரேஷன் கடை போட்டார்கள். தனியாக உட்கார்ந்த பெண்கள் குழாய்களைப் போட்டார்கள், பிறகு ஊருக்கு வெளியே ஒரு மூலையில் பொடியை விட்டு ஒரு வட்டம் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நான் அதைக் குளம் என்று நோட்டில் குறிக்கப் போனபோது அவன் கையைப் பிடித்துத் தடுத்து, "குளத்துக்கு எதுக்குச் சிரிக்கறாங்க?" என்றான். கருவேலங்காட்டில் இருட்டிய பிறகு ஒதுங்கப் போகிற இடம் அது. முகாம் அறிக்கையில் முதல் கோரிக்கையாகக் கழிப்பறை போனது அந்தச் சிரிப்பால்தான்.

இப்படிப் பலவிதமாகப் பார்க்கத் தெரிந்தவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, எங்கள் கல்லூரியில் ஒருவரும் 'நீ என்ன படித்தாய், அது இங்கே எதற்கு ஆகும்?' என்று கேட்கவில்லை. எல்லோரையும் ஒன்றும் தெரியாதவர்கள் என்று வைத்துக்கொண்டு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள். பல கல்லூரிகளில் இதே கதைதான் என்று மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்தவரை இந்தப் படிப்பின் பெரிய வீணடிப்பு இதுதான்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டில் ஹெச்.ஆர். பிரிவுக்குப் போனார்கள். மற்ற பிரிவுக்காரர்கள் அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். எனக்கு அந்த இளக்காரத்தில் உடன்பாடு இல்லை. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்றது, நாங்கள் படித்த காலத்தில் நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49-ஆம் பிரிவு. விடுதியோடு இருக்கும் ஒரு நூற்பாலையில் முதுகெலும்புள்ள நல அலுவலர் ஒருவர் இருந்தால், அங்கே இருக்கிற பெண்களுக்கு வெளியிலிருந்து பத்துக் கூட்டம் போடுவதைவிட அதிகம் நடக்கும். தொண்டு நிறுவன வேலை பெரும்பாலும் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும். அரசுத் திட்டங்களிலும் ஒப்பந்த வேலைகளே நிறைய. மனநலப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். முடித்தவர் என்று சொல்கிறது. இதை இரண்டாம் ஆண்டுக் கடைசியில் வந்து சொன்னால் யாருக்கு லாபம்?

வேறு பட்டம் வாங்கிவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பீஸ் கட்டுவதற்கு முன்னால் கல்லூரியின் கட்டடத்தையும் சான்றிதழ்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஃபீல்டு ஒர்க்குக்கு எந்தெந்த இடங்களுக்கு அனுப்புகிறார்கள், ரெக்கார்டை யார் படிக்கிறார், படித்துவிட்டு உட்கார்ந்து பேசுகிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்று கேளுங்கள். ஆபீஸில் கேட்டால் எல்லாம் பிரமாதம் என்பார்கள். வாசலில் டீக்கடையில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள், உள்ளது உள்ளபடி சொல்வார்கள். அவர்களில் ஒருவருடைய ரெக்கார்டு நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்ட முடிந்தால் இன்னும் நல்லது. அதில் சிவப்பு மையே இல்லாவிட்டால் வேறு கல்லூரி பாருங்கள்.