இதழ் தைப்பவர்கள்

ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் கம்பியில் வரிசையாகத் தொங்குவதை ஹாம்பர்க் அரசு ஓபராவின் மேடைக்குப் பின்னால், உடைகள் அறையில்தான் பார்த்தேன். ரோஜா இதழ்கள் தைத்த மேலுடை, திட்டுத் திட்டாய்ப் புள்ளியிட்ட ஆட்டு மனிதன் உடை, பெட்ருஷ்கா பொம்மையின் கால்சட்டை. அன்றிரவு ஜான் நோய்மயரின் 'நிஜின்ஸ்கி' பாலே.

2000இல் முதன்முதலாக மேடையேறிய படைப்பு அது. 1919 ஜனவரி 19, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல் கூடத்தில் கதை தொடங்குகிறது. வாஸ்லாவ் நிஜின்ஸ்கி பார்வையாளர் முன் கடைசியாக ஆடிய நாள் அது. பிறகு மனநோய், 1950இல் லண்டனில் இறக்கும்வரை அவருக்கு மேடையே இல்லை. அந்தக் கூடத்துக்குள் அவருடைய பழைய வேடங்கள் நினைவுகளாக நுழைகின்றன. அவற்றை வேறு ஆட்டக்காரர்கள் ஆடுகிறார்கள். யார் எந்த வேடம் என்று பார்ப்பவருக்குச் சட்டெனச் சொல்வது உடைதான்.

அறுபதை நெருங்கும் ஒரு தையற்கார அம்மா ரோஜா உடையை மடியில் போட்டிருந்தார். நடுவிரலில் அங்குஸ்தான். இதழின் அடியை மட்டும் தைத்து நுனியைச் சும்மா விட்டார். நூலைக் கொஞ்சம் தளர்த்தியே போட்டார். இழுபடும் துணி, இறுக்கித் தைத்தால் ஆடுபவர் மூச்சை இழுத்ததும் நூல் அறுந்துவிடும். தைத்தபின் இதழைச் சுண்டிப் பார்த்தார்.

"தாவும்போது இதழ் படபடக்கணும். ஆனா உதிரக் கூடாது" என்றார்.

1911இல் லியோன் பாக்ஸ்ட் வரைந்த உடை இதற்கு மூலம். நிஜின்ஸ்கியின் உடம்போடு வைத்தே அதைத் தைப்பார்களாம். உதிர்ந்த இதழ்களை அவருடைய வேலையாள் ரசிகைகளிடம் விற்றுக் காசு பார்த்தார் என்றொரு கதையும் உண்டு.

இங்கே நனைத்துத் துவைக்க முடியாத உடைகள்மேல் ஓட்காவைத் தெளிக்கிறார்கள். வியர்வை வாடை போய்விடும். "உடைக்கு மட்டும்தான், எங்களுக்குக் கிடையாது" என்று அந்த அம்மா சிரித்தார்.

நிஜின்ஸ்கி ஆடியதைப் படம்பிடித்த ஒரு சுருள்கூட இல்லை. புகைப்படங்கள், ஓவியங்கள், பார்த்தவர்களின் பேச்சு அவ்வளவுதான் மிச்சம். அவர் எப்படித் தாவினார் என்று இனி யாராலும் காட்ட முடியாது. என்ன உடுத்தித் தாவினார் என்பதை இந்தக் கைகள் காட்டுகின்றன. அந்த அம்மா உடையின் கழுத்தோரத்தைத் திருப்பினார். உள்ளே ஒரு நாடா. முன்பு உடுத்தியவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டு, கடைசியில் அன்றைய ஆட்டக்காரர் பெயர். நிஜின்ஸ்கி பெயர் எங்கும் இல்லை.

மணி அடித்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து உடையைக் கொடுத்தனுப்பினார்.

ஆட்டம் முடிந்து திரும்பினேன். ஈரமாக வந்த உடையை விரித்து அவர் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று குறைந்தது. எழுந்து போய் மேடையோரத்தில் தேடி எடுத்து வந்தார். விற்க அல்ல. ஊசிமெத்தையில் குத்திவைத்தார், நாளைக்குத் தைக்க.