பத்திஸ்தோனின் பல்

பத்திஸ்தோன் என்று யாராவது பேச்சை எடுத்தால் சித்தப்பா கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார். காபி டம்ளரோ சீட்டுக்கட்டோ, எதுவானாலும் சரி. அந்தக் கதைக்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டும். இடது கை பந்தைத் துரத்தி ஓடிவரும் பத்திஸ்தோன். வலது கை எதிரே பாய்ந்து வரும் ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர். இரண்டும் மோதுகிற இடத்தில் வாயாலேயே ஒரு சத்தம் கொடுப்பார். குருசுக்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பையன்கள் அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வோம்.

சித்தப்பா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று ஆறு மாத அவகாசம் தந்தார்கள். தாத்தா எழுதிக்கொடுத்தார். வயது வந்த மகனான என் அப்பா மாட்டேன் என்றுவிட்டார். மைனராக இருந்த சித்தப்பா தாத்தாவோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரரானார், பிறகு பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். ஒரே வீட்டில், ஒரே ரசம் சாதத்தில், இரண்டு நாடு. கால்பந்து உலகக் கோப்பை வந்தால் மட்டும் வீடு முழுக்க பிரான்ஸ். அப்பா உட்பட.

1982 ஜூலையில் சித்தப்பா லீவில் வந்தார். அவர் விமானம் ஏறுவதற்குச் சில நாள் முன்புதான், ஜூலை 8-ஆம் தேதி, ஸ்பெயினின் செவில் நகரத்தில் அந்த உலகக் கோப்பை அரையிறுதி நடந்திருந்தது. பிரான்ஸுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் ஆளுக்கொரு கோல். இரண்டாம் பாதியில் பிரான்ஸுக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர் பத்ரிக் பத்திஸ்தோன். பத்து நிமிஷம்கூட ஆடியிருப்பாரோ என்னவோ. பிரான்ஸ் கேப்டன் பிளாத்தினி நீளமாகத் தூக்கிக் கொடுத்த பந்தை எட்டி உதைத்தார், அது கோலுக்கு வெளியே போனது. பந்து போன பிறகு ஷூமாக்கர் வந்து சேர்ந்தார். துள்ளி எழும்பி, உடம்பைத் திருப்பி, இடுப்பால் முகத்தில். பத்திஸ்தோன் நினைவில்லாமல் விழுந்தார். பல் உடைந்தது, கழுத்துப் பக்கத்து முதுகெலும்பில் அடி. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பிளாத்தினி கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். செத்துவிட்டான் என்றே நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார்.

டச்சுக்கார நடுவர் சார்லஸ் கோர்வர் கொடுத்தது கோல் கிக். ரெட் கார்டு வேண்டாம், பெனால்டி வேண்டாம், ஒரு ஃபவுல்கூட இல்லை. கூடுதல் நேரத்தில் பிரான்ஸ் 3-1 என்று முந்தி, 3-3 ஆகி, பெனால்டியில் தோற்றது. அந்தப் பெனால்டிகளில் இரண்டைத் தடுத்தவர் அதே ஷூமாக்கர். பல் போய்விட்டது என்று அவரிடம் சொன்னபோது, அவ்வளவுதானா, பல் கட்டுகிற செலவை நானே தருகிறேன் என்றாராம். சித்தப்பா இந்த இடத்துக்கு வரும்போது பிரெஞ்சுக்கு மாறிவிடுவார். எங்களுக்குப் புரியாத வார்த்தைகள், அதனால் நன்றாகவே புரியும்.

அந்த ஜூலை 14 காலை, கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைக்க மெடல் குத்திய கோட்டோடு வந்த பெரியவர்கள், சடங்கு முடிந்ததும் கூடிக் கூடி நின்று பேசியது முதலாம் உலகப் போரைப் பற்றியில்லை. செவிலைப் பற்றித்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. மூன்று நான்கு வருஷம் கழித்து எங்கள் பள்ளி மைதானத்தில் நான் லெஃப்ட் பேக். ஒரு நாள் எங்கள் கோல்கீப்பரும் எதிரணி ஃபார்வர்டும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். இரண்டு தலையும் முட்டிய சத்தம், சித்தப்பா வாயால் போடும் சத்தம் மாதிரி இல்லை. அதைவிடச் சின்னது, காய்ந்தது. கோல்கீப்பர் விழுந்தான். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். மாஸ்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், மூன்று என்றான், மூன்றுதான். முதுகில் தட்டி நிற்க வைத்தார்கள், எல்லோரும் கைதட்டினோம். அதற்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிட்டு, “ஸ்கோர் இன்னாடா?” என்றான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டான். ஹாஃப் டைமில் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும். பெரிய தமாஷாக இருந்தது. ராத்திரி வாந்தி எடுத்தான், இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை, அப்புறம் வந்தான். இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறான், முத்தியால்பேட்டையில் கடை வைத்திருக்கிறான். இதில் சோகம் எதுவும் இல்லை. ஆனால் 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பிறகு பேப்பரில் படித்தபோது எனக்கு அவன் முகம்தான் வந்து நின்றது.

அந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்குக் கடைசி நிமிஷத்தில் இடம் கிடைத்து இறங்கிய இளைஞன் கிறிஸ்டோஃப் கிராமர். பதினேழாவது நிமிஷத்தில் அர்ஜென்டினாக்காரர் ஒருவரின் தோள் அவன் முகத்தில் இடித்தது. எழுந்து ஆடினான். கொஞ்ச நேரத்தில் நடுவர் ரிஸ்ஸோலியிடம் போய், இது ஃபைனலா என்று கேட்டான். நடுவர் ஜெர்மனி அணியிடம் சொன்னார். முப்பத்தொன்றாவது நிமிஷம் வெளியே எடுத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத ஒருவன் பதினான்கு நிமிஷம் ஓடியிருக்கிறான். அணி மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

நம் நாட்டில் அப்படிப் பக்கத்தில் மருத்துவர்கள் இருப்பதுகூட உறுதியில்லாமல் இருந்தது. 2004 டிசம்பர் 5, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி. டெம்போ அணியின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன்னுடைய இரண்டாவது கோலை அடித்த அதே நொடியில் மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலோடு மோதி விழுந்தார். எழவேயில்லை. டி.வி.யில் அதைப் பார்த்தபோது கூட ஆடுகிறவர்களே அவர் மார்பை அமுக்கிக்கொண்டிருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வயது 25. சுப்ரதா பாலுக்கு இரண்டு மாதத் தடை. ஊரெல்லாம் அவர் முட்டியைப் பற்றித்தான் பேசியது. மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு என்ன லட்சணத்தில் இருந்தது என்கிற பேச்சு அதற்குப் பின்னால்தான் மெதுவாக வந்தது.

ஒஹாயோவில் இருக்கும் என் அக்கா மகன் அமெரிக்கக் கால்பந்துக்கு அடிமை. கால் படுவது அபூர்வமான அந்த ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்பதும் அவன் சலித்துக்கொள்வதும் எங்களுக்குள் வழக்கம். அவன்தான் எனக்கு டுவா டாகோவைலோவாவின் வீடியோவை அனுப்பினான். 2022 செப்டம்பர் 25. அப்போது அவர் மியாமி அணியின் குவார்ட்டர்பேக். தலை தரையில் மோதுகிறது, எழுந்து இரண்டடி வைக்கிறார், கால் மடங்குகிறது. முதுகுவலிதான் என்று சொல்லி மறுபடி ஆட விட்டார்கள். நான்காம் நாள் சின்சினாட்டியில் இன்னொரு அடி. இந்த முறை விரல்கள் விறைத்துக் கோணிக்கொண்டு முகத்துக்கு முன்னால் நின்றன. அக்டோபரிலேயே விதியை மாற்றினார்கள். இப்படித் தள்ளாடுகிற ஆள், காரணம் எதுவானாலும், அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது.

அந்த ஆட்டத்தில் விதிகள் வருஷா வருஷம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் பந்தைப் பிடிக்கிறவனின் தலையில் அடிக்கக் கூடாது. ஹெல்மெட்டைத் தாழ்த்திக்கொண்டு முட்டக் கூடாது, அது 2018-ல். முழு வேகத்தில் இரண்டு அணியும் எதிரெதிரே ஓடி மோதும் தொடக்க உதையை 2024-ல் அடியோடு மாற்றி, நெருக்கி நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது என்று அக்கா மகனின் நண்பர்கள் புலம்புகிறார்களாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அவன் சொன்ன இன்னொன்று. 2013-ல் மியாமியின் டஸ்டின் கெல்லரை ஸ்வேரிங்கர் என்ற புது ஆட்டக்காரர் முட்டியில் இடித்தார். கெல்லர் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, இன்றைய விதிப்படி மேலே அடித்தால் அபராதம், அதனால் கீழே அடிக்க வேண்டியிருக்கிறது என்றார் ஸ்வேரிங்கர். மழைத்தண்ணீரை ஒரு வீதியில் அடைத்தால் அடுத்த வீதியில் ஏறுவது நம் ஊருக்குத் தெரியாததா.

ஹெல்மெட் என்றதும் 2019 பிப்ரவரி. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி, இருசக்கர வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்று கறாராக இறங்கி, தானே வீதியில் நின்று வண்டிகளை மறித்தார். முதல்வர் நாராயணசாமி, முதலில் மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், பிறகு அபராதம் போடுங்கள் என்றார். அவர்களுக்குள் வேறு பல பஞ்சாயத்துகளும் இருந்தன, இது கூடச் சேர்ந்துகொண்டது. எப்போதும் வெள்ளையில் இருக்கும் முதல்வர் கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார், சில நாள் பாரதி பூங்காவைச் சுற்றி நடக்கவே வழியில்லை. மனிதனின் மண்டையைப் பற்றி எங்கள் ஊர் அவ்வளவு தீவிரமாக விவாதித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சித்தப்பா அந்த வாரம் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளில் எத்தனை பேர் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துச் சிரித்தார். மிஷன் வீதித் திருப்பத்தில் போலீஸ் தெரிந்தால் தலைக்கு ஏறும், தாண்டியதும் கைப்பிடிக்கு இறங்கும்.

சித்தப்பாவிடம் ஒரு நாள் சொன்னேன், இன்றைய விதி இருந்திருந்தால் ஷூமாக்கர் அன்றைக்கே வெளியே போயிருப்பார் என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எந்த விதிடா? அன்னிக்கும் அது ஃபவுல்தான். எகிறி மூஞ்சில இடிக்கலாம்னு எந்தப் புத்தகத்துல போட்டிருந்தான்? ரெஃப்ரி பாக்கல, அவ்வளவுதான். பந்து போன பக்கம் பாத்துக்கிட்டிருந்தான்.” கோர்வரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, சித்தப்பா சரி. செவிலில் குறையாக இருந்தது சட்டம் இல்லை, கண். இன்றைக்கு வீடியோ நடுவர் பத்து கோணத்தில் பார்க்கிறார். தலைக்கு வரும் முழங்கையை மடக்க வைத்ததில் புத்தகத்தைவிட கேமராவுக்குப் பங்கு அதிகம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் சித்தப்பாவுக்குக் கேமரா மேலும் பிரியம் கிடையாது. காரணம் பிரான்ஸ் கேப்டன் ஸிதான். 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி, இத்தாலியின் மத்தெராஸியின் மார்பில் தலையால் அந்த முட்டு. நடுவர் எலிஸோந்தோ பார்க்கவில்லை. நான்காவது அதிகாரி சொல்லி, ரெட் கார்டு. அவர் டி.வி.யில் பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்பது சித்தப்பாவின் சந்தேகம். “அவனுங்க நம்மள அடிச்சா ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. நாம அடிச்சா மட்டும் நாலாவது ஆளுக்குக்கூடத் தெரியும்.” இருபத்துநான்கு வருஷக் கணக்கை அவர் மனதில் அப்படி முடித்து வைத்திருக்கிறார்.

கண் இருந்தும் போதவில்லை என்பதற்கு 1998. பாரிஸ் ஓரத்தில் பிரான்ஸ் முதன்முதலாகக் கோப்பை வாங்கிய ஆட்டம், ஜூலை 12, எங்கள் வீட்டில் விடியவிடிய யாரும் தூங்கவில்லை. அந்த மதியம் ஹோட்டலில் பிரேசிலின் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, பிறகு திருத்திய பட்டியலில் இருந்தது. கிளினிக்கில் பரிசோதித்தார்கள், ஒன்றும் தென்படவில்லை. நான் நன்றாயிருக்கிறேன், ஆடுகிறேன் என்று அவர் பயிற்சியாளர் ஸகாலோவிடம் சொன்னார். ஆடினார், நடுவில் பிரான்ஸ் கோல்கீப்பர் பார்த்தேஸ் மேல் மோதி விழுந்தார், மறுபடி எழுந்தார். அன்றைக்கு நாங்கள் கத்திக் கொண்டாடினோம். இருபத்தொரு வயதுப் பையன், உலகக் கோப்பை இறுதி, அவனிடம் போய் உன்னால் முடியுமா என்று கேட்டால் வேறு என்ன சொல்வான்? எங்கள் கோல்கீப்பரும் மூன்று விரலைச் சரியாகத்தான் எண்ணினான்.

மாறியது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மோதல் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அடிபட்டவனே சொல்லித் தப்பிக்கிற வழி அடைபட்டு வருகிறது. அதற்கு அபராதத்தைவிட வேறொரு சின்ன சௌகரியம் உதவியது. வெளியே போகிறவனுக்குப் பதில் இன்னொருவன். கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டிலிருந்து தலையில் அடிபட்டவனுக்கு மாற்று ஆள் முழுதாக ஆடலாம். கால்பந்தில் 2021-ல் சோதனை, 2024 ஜூலையிலிருந்து விதிப் புத்தகத்திலேயே, போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால். அணிக்கு நஷ்டமில்லை என்று தெரிந்தால்தான் கேப்டனுக்கும் மனிதாபிமானம் வரும். கொஞ்சம் கசப்பான பேச்சு, தெரியும். பத்து பேரோடு மீதி ஆட்டத்தை ஆட வேண்டியிருந்த நாளில் எங்கள் மாஸ்டர் ஏன் மூன்று விரலோடு நிறுத்திக்கொண்டார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

இந்த சௌகரியத்திலும் வம்பு உண்டு. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் ஸ்டார்க் பந்து பட்டது, பதிலுக்கு இறங்கிய சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லாங்கர் பவுண்டரி ஓரத்தில் மேட்ச் ரெஃப்ரியோடு வாதாடியதை எல்லோரும் பார்த்தோம்.

லாஸ்பேட்டை மைதானத்தில் ஞாயிறு காலை ஆடும் எங்கள் கிழட்டுக் கோஷ்டியிலும் இப்போது இந்த விதி வந்துவிட்டது. தலையில் பட்டால் வெளியே, அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. முடிவு சொல்வது ஆட்டக்காரர் இல்லை, கேப்டன் இல்லை, எங்களில் ஒருவரின் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வராத ஞாயிறுகளில் போனில் வீடியோ காலில் பார்ப்பார். போன மாதம் எங்கள் ஸ்டாப்பருக்கும் எதிரணி ஆளுக்கும் நெற்றி முட்டியது. நம்ம ஆள் எழுந்து கையை உதறிக்கொண்டு ஒன்றுமில்லை என்றார். அந்தம்மா போனுக்குள்ளிருந்து, “அண்ணே, நீங்க பேசாம பெஞ்சுல உட்காருங்க” என்றார். உட்கார்ந்தார். பதிலுக்கு நாங்கள் இறக்கியது, வேடிக்கை பார்க்க வந்திருந்த அவருடைய இருபது வயது மகனை. எதிரணி கேப்டன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. மோதினது அவர் ஆள்தான் என்பதை நாங்கள் சொல்ல, அடிபட்டது ஐம்பது வயசுக் கால், வந்து நிக்கிறது இருபது வயசுக் கால், இது எந்த ஊர் நியாயம் என்று அவர் கேட்க, வெயில் ஏறும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை.