இரும்புப் பாலமும் ஒரு கடன்காரரும்

காமர்ஸ் படிக்கிறவனுக்குப் பாலத்தோட என்ன வேலைன்னு கேக்காதீங்க. காஸ்டிங் பாடம் படிக்கும்போது மாட்டினது இது.

இங்கிலாந்துல செவர்ன் ஆத்துக்கு மேல, கோல்புரூக்டேல் பக்கத்துல 1779-ல நிறுத்தினாங்க, உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலத்தை. வடிவமைச்ச தாமஸ் பிரிட்சார்டு 1777-லயே இறந்துட்டார். கட்டி முடிச்சவர் இரும்பு ஆலை முதலாளி மூன்றாம் ஆபிரகாம் டார்பி.

வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தா உடைஞ்சிரும். அதான் 100 அடிக்கு வளைவா கட்டினாங்க. ஆனா துண்டுகளை எப்படி இணைக்கிறது? இவ்வளவு பெருசா இரும்புல யாரும் அதுவரை செஞ்சதில்லையே! தச்சு வேலையையே எடுத்துக்கிட்டாங்க. துளையில நாக்கைச் செருகி ஆப்பு அடிக்கிறது, நம்ம வீட்டுக் கதவு நிலை மாதிரி. சுமார் 1,700 துண்டு, 378 டன். பதினேழு வருஷம் கழிச்சு பக்கத்துல பில்ட்வாஸ்ல டெல்ஃபோர்டு 130 அடிப் பாலத்தையே 173 டன்ல முடிச்சிட்டார்!

மதிப்பீடு சுமார் 3,200 பவுண்டு. ஆனது ஏறக்குறைய 6,000-ங்கிறாங்க. மேல ஆகுற செலவு தன்னோடதுன்னு டார்பி முன்னாடியே ஒத்துக்கிட்டிருந்தார் (இப்படி ஒரு ஒப்பந்தத்துல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?). 1789-ல 39 வயசுல போய்ச் சேர்ற வரைக்கும் கடன் தீரலை.

பரீட்சையில இதை வீண் செலவுன்னு எழுதினா மார்க் கிடைக்கும். ஆனா 1795 வெள்ளத்துல அந்த ஆத்துல பல பாலம் சேதமாச்சு. டார்பியோட பாலத்துக்கு ஒண்ணும் ஆகலை.