நாலு நாடும் ஆறு பரப்பும்

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் ஒண்டும் எழுதேல்லை. சுகமில்லையோ என்று ரெண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனி மாதம் நான் ஊரில் இல்லை, அவ்வளவுதான். ஜேர்மனி, டென்மார்க், சுவீடன், நோர்வே எண்டு நாலு நாட்டைக் காரில் சுத்திப்போட்டு வந்திருக்கிறன்.

ஐம்பத்தாறு வயதில் முதல்முதலாகப் பிளேன் ஏறின தோட்டக்காரன் நான். ரிக்கற் காசை என்னோடு உயர்தரம் படித்த மூன்று பேர் பிரித்துப் போட்டார்கள். பெயர் எழுதாதை எண்டு மூண்டு பேரும் சொல்லிப்போட்டாங்கள். ஊரில் அவர்களுக்கு நாடுதானே பெயர். ஜேர்மன்காரன், டென்மார்க்காரன், நோர்வேக்காரன். அப்படியே எழுதுகிறேன்.

நான் போனது சுத்திப் பார்க்க மட்டுமில்லை. நோர்வேக்காரனின் ஆறு பரப்புக் காணியை இருபத்தைந்து வருசமாக நான்தான் செய்கிறேன். (நகரத்து ஆக்களுக்கு: பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்.) 95இல் வலிகாமமே எழும்பிப் போனது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது அந்தச் செம்மண் தோட்டம் இடுப்பளவு புல்லாகக் கிடந்தது. "பற்றையாக விடாமல் நீ செய் தம்பி" என்று அவனுடைய ஐயா சொன்னார். ஐயா இப்போது இல்லை. ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வெங்காயம், மிளகாய், பீற்றூட் எண்டு போகத்துப் பயிர் செய்யலாம். மரம் வைக்க ஏலாது. மற்றவன் காணியில் ஒரு தென்னை வைத்தால் போதும், உரிமை கேட்கிறான் என்ற கதை வந்துவிடும். இந்தக் காணி இனி என்ன ஆகப்போகுது என்பதை நேரில் கேட்கவேணும் எண்டு கன வருசமாக மனதுக்குள் கிடந்தது. போனில் கேட்கிற விசயமில்லை அது.

முதலில் ஜேர்மன்காரன் வீடு, ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில். அங்கேதான் 2002இல் கும்பாபிசேகம் நடந்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. கோபுரத்தைக் கண்டவுடன் எனக்கு ஊர் வந்துவிட்டது போல இருந்தது. அன்றிரவு அவன் 85இல் வந்த கதையைச் சொன்னான். கிழக்கு பெர்லினுக்குப் பிளேனில் வந்து இறங்கி, அங்கிருந்து நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்திருக்கிறான். அந்த எல்லையை மேற்குப் பக்கம் நாட்டு எல்லையாகவே கணக்கெடுக்காததால் யாரும் கடவுச்சீட்டுப் பார்க்கவில்லையாம். அந்த வழியால் எங்கட பெடியள் கனபேர் வந்தவை. அடுத்த வருசமே அதையும் அடைத்துவிட்டார்கள்.

காணியைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கும் ஊரில் நாலு பரப்பு இருக்குது, தங்கச்சி பார்க்கிறாள். "67 வயதில்தான் மச்சான் முழுப் பென்சன். அது வந்தவுடன் ஊரிலதான்" என்றான். மனைவி உள்ளே இருந்து சிரித்த சத்தம் கேட்டது.

அவன்தான் வழி முழுக்கக் கார் ஓடினான். ஹம்பேர்க் தாண்டி வடக்கே போய் டென்மார்க்குக்குள் நுழைந்தால் யூட்லாந்து. மண்ணைப் பார்க்கக் காரை நிற்பாட்டச் சொன்னேன். வெறும் மணல். இந்த மண்ணில் என்ன விளையும் என்று கேட்டேன். ஹெர்னிங்கில் டென்மார்க்காரன் விளக்கம் சொன்னான். 1864இல் யுத்தத்தில் தோற்றுத் தெற்கே நிலத்தை இழந்த நாடு அது. 1866இல் தரிசு நிலத்தைத் திருத்துவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். காற்றைத் தடுக்க வரிசை வரிசையாக மரம் நட்டு, சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணைக் கிண்டி மணலில் கலந்து, அந்தப் பற்றைக் காட்டைத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். இப்ப அங்க உருளைக்கிழங்கு பச்சைப் பசேல் எண்டு நிக்குது. பக்கத்தில் பிராண்டே என்ற ஊரில் பெரிய காற்றாலைத் தொழிற்சாலை. அதுகூட, தோட்டத்துக்கு நீர் தெளிக்கிற கருவி செய்த கொம்பனியில் இருந்துதான் கிளைத்ததாம். அதே சின்ன ஊரில் எங்கட அபிராமி அம்மன் கோயிலும் இருக்கிறது.

றோட்டோரத்தில் ஒரு மேசை. அதில் புதுக்கிழங்குப் பையும் ஸ்ரோபெரியும். ஒரு மனுசரும் இல்லை. போனில் காசை அனுப்பிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். நான் பக்கத்து வேலியை எல்லாம் எட்டிப் பார்த்தேன், ஒளித்திருந்து பார்க்கிறார்களோ எண்டு. டென்மார்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். இவன் தன் காணியை எப்பவோ விற்றுவிட்டான். "பிள்ளைகளுக்கு இங்க வீடு வாங்கினன். அதில பிழையில்லை" என்றான். சொல்லிவிட்டு, "எங்கட கிணத்தடி மாமரம் இன்னும் நிக்குதோ?" எண்டு கேட்டான். நிக்குது என்றேன். அது உண்மைதான்.

பிறகு ஸ்டோர்பெல்ட் கடலைக் கடந்தோம். பாலமும் தீவுமாகப் பதினெட்டுக் கிலோமீற்றர், 1998இல் கார்களுக்குத் திறந்தது. கோப்பன்ஹேகனில் இருந்து சுவீடனுக்கு இன்னொன்று, 2000இல் திறந்த ஏரசுண்ட் பாலம். முதலில் கடலுக்கு அடியால் சுரங்கம், நடுவில் மனுசர் கட்டின தீவு, அங்கிருந்து மேலே ஏறிப் பாலம். சுவீடனில் எங்களுக்கு யாரும் இல்லை. ஈ6 என்ற றோட்டைப் பிடித்து மேற்குக் கரையோரமாக ஒஸ்லோ வரை போனோம்.

அந்த ஈ6 றோட் ஒஸ்லோவோடு முடியாது. வடக்கே ருசிய எல்லைக்குப் பக்கத்தில் கிர்கெனஸ் வரை போகும். நோர்வேக்காரன் முதலில் வேலை செய்தது அந்தப் பக்கத்தில், பின்மார்க்கில், ஒரு மீன் தொழிற்சாலையில். எங்கட ஆக்கள் கனபேர் அங்கே குளிருக்குள் நின்று மீன் வெட்டித்தான் வீட்டுக்குக் காசு அனுப்பினவை. "மாரியில ரெண்டு மாதம் சூரியனே வராது. ஐயாவுக்குக் கடிதத்தில அதை மட்டும் எழுதேல்லை" என்றான்.

நாங்கள் போனபோது அதற்கு நேர்மாறு. இரவு பத்தரைக்கும் ஒஸ்லோவில் பொழுது படவில்லை. பல்கனியில் இருந்து பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். நான் கதையைத் தொடங்க முதல் அவன் மனைவிதான் தொடங்கினா.

"அண்ணை, கோவிக்கக் கூடாது. பத்து வருசம் ஆண்டால் காணி ஆண்டவருக்கு எண்டு ஆக்கள் சொல்லுகினம். எங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் ஒரு கடதாசி எழுதித் தருவீங்களோ?"

எனக்குச் சுருக்கென்றது. நோர்வேக்காரன் தலை குனிந்தபடி பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவ சொன்னதில் நியாயம் இருக்குது. எங்கட நாட்டுச் சட்டத்தில் பத்து வருச ஆட்சி என்று ஒன்று உண்டு. காணிக்காரன் சம்மதித்து விட்ட ஆளுக்கு அது பொருந்தாது. ஆனால் சம்மதித்ததற்கு இப்ப சாட்சி ஆர்? ஐயா போய்விட்டார். நாளைக்கு நானும் போனால், என் மகனும் அவன் மகளும் கோர்ட்டில் நிற்கவேண்டியதுதான். நான் சொன்னேன்: "தங்கச்சி, கடதாசி கேட்கத்தான் நானும் வந்தனான். உங்களுக்கு ஒரு பயம், எனக்கு ஒரு பயம். ரெண்டுக்கும் ஒரே கடதாசி போதும்."

அவர்களின் மகள் அங்கே ஒரு கொம்யூனில், எங்கட பிரதேச சபை போல, விவசாயப் பகுதியில் வேலை. அந்தப் பிள்ளை நோர்வேச் சட்டத்தைச் சொல்லிச்சுது. அங்கே பண்ணை நிலம் குடும்பத்துக்குள் நிற்க 'ஓடெல்' என்று ஒரு உரிமை, 1814ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறதாம். ஆனால் உரிமையோடு கடமையும் உண்டு. ஓரளவு பெரிய பண்ணை கைக்கு வந்தால் ஒரு வருசத்துக்குள் போய்க் குடியிருக்கவேணும், ஐந்து வருசம் அங்கே இருக்கவேணும். நிலத்தைத் தரிசாக விடக்கூடாது. தான் செய்யாவிட்டால் எழுத்தில் குத்தகைக்குக் கொடுக்கவேணும், அதுவும் குறைந்தது பத்து வருசத்துக்கு.

"ஏன் பத்து வருசம்?" எண்டு கேட்டேன்.

"ஒரு வருசம் எண்டு குடுத்தால் செய்யிறவர் மண்ணைக் கவனிக்க மாட்டார்தானே மாமா" என்றாள்.

இருபத்தைந்து வருசமாக என் நெஞ்சுக்குள் கிடந்ததை, செம்மண்ணை ஒருக்காலும் மிதிக்காத பிள்ளை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். எங்கட தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்தார்கள். காணியை விற்பதென்றால் பங்காளிக்கும் உரிமைக்காரருக்கும் முதல் சொல்லவேணும் என்பது அதில் உண்டு. வெறுமையாகக் கிடக்கிற காணியைச் செய்விக்கவேணும் என்று அதில் நான் கேள்விப்படவில்லை. அந்தக் காலத்தில் காணியை விட்டுப்போட்டு ஆர் போனது?

அந்த இரவே பேசி முடித்தோம். பத்து வருசக் குத்தகை. குத்தகைக் காசு வேண்டாம் என்றான் நோர்வேக்காரன். காசில்லாமல் குத்தகை என்ன குத்தகை என்று நான் விடவில்லை. கடைசியில் ஊர் விலையில் பாதி என்று முடிந்தது. அவன் தன் தங்கச்சிக்கு அற்றோணி கொடுத்தான். ஆவணியில் நொத்தாரிசுவிடம் போய்க் கையெழுத்து வைத்தோம். மரம் வைக்கலாம், வைத்த மரத்துக்கு உரிமை கேட்க மாட்டேன் என்பதும் அதில் எழுதியிருக்கிறது. அவன் மனைவிக்கு நிம்மதி. எனக்கும்தான்.

இதை வாசிக்கிற உங்களில் கனபேருக்கு ஊரில் ரெண்டு பரப்பாவது இருக்கும். யாரோ செய்துகொண்டும் இருப்பார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நீங்களும் நல்லவராகவே இருங்கள். ரெண்டு பேரும் உயிரோடு இருக்கேக்கையே ஒரு கடதாசி எழுதிவிடுங்கள். சிநேகிதம் அதால குறையாது.

ரெண்டு பரப்பில் இருபது தேசிக்கன்று வைக்கக் குழி வெட்டியாச்சு. ஐப்பசி மழைக்கு நடுவேன். கன்று தேடித் திரிந்த கதையை அடுத்த முறை எழுதுகிறேன்.