உடைந்தாலும் ஊர் சேரும் வண்டி

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ இடுக்கி மலைக்குள் ஏறி, மாலையில் இறங்குகின்றன. இவற்றில் பல மஹிந்திராவின் பழைய கமாண்டர், மேஜர் வகைகள். ஷோரூமில் அவை கிடைக்காமல் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றும் அவை மலையேறக் காரணம், சாலையோரத்தில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் பட்டறைகள். அந்தப் பட்டறைகளைப் பார்க்கத்தான் போனேன். இந்த வண்டிகள் நீடிப்பது ஏன் என்று கேட்டால் "அந்தக் காலத்து இரும்பு சார்" என்பதே எல்லோர் வாயிலும் வரும் பதில். ஆனால் பட்டறையின் தரையைப் பார்த்தாலே அந்தப் பதில் பாதிதான் உண்மை என்று தெரிந்துவிடும். முறிந்த பட்டை, தேய்ந்த ஜாயிண்ட் கிராஸ், கருகிய கிளட்ச் பிளேட்டு என்று உடைந்தவை அங்கே குவிந்து கிடக்கின்றன. இந்த வண்டிகள் ஓயாமல் உடைகின்றன. அவற்றின் திடம், எதை எந்த வரிசையில் உடையவிடுகின்றன, உடைந்ததை எப்படித் தெரிவிக்கின்றன, உடைந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்பதில் இருக்கிறது.

கமான் பட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள், நடுவே ஒரு சென்டர் போல்ட்டு, அச்சோடு சேர்த்துக் கட்ட யு போல்ட்டுகள், அவ்வளவுதான். சுமை தாங்குவது, அச்சை அதன் இடத்தில் நிறுத்துவது, பட்டைகளின் உரசலால் குலுக்கலைக் கொஞ்சம் அடக்குவது என்று மூன்று வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. காயில் ஸ்பிரிங் வைத்த வண்டியில் அச்சைப் பிடிக்கவே தனித்தனிக் கைகளும் அவற்றுக்கான ரப்பர் புஷ்களும் வேண்டும். உடையும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. அடுக்கின் கீழே ஒரு பட்டை முறிந்தால் வண்டி அந்தப் பக்கம் லேசாகச் சாயும், பள்ளத்தில் சத்தம் போடும், ஆனாலும் ஊர் வந்து சேரும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெயின் பட்டை போனால்தான் ஆபத்து. அதற்கும் முன்யோசனை உண்டு: இரண்டாவது பட்டையின் நுனியையும் மெயின் பட்டையின் நுனி வளையமான கண்ணைச் சுற்றி வளைத்துவிடும் முறை ராணுவ வண்டிகளில் இருந்தது. மேலே இருப்பது முறிந்தாலும் கீழே இருப்பது அச்சை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

முறிந்ததற்கு மாற்றுச் செய்வதற்கு ஒரு கொல்லுலை போதும். கழித்துப்போட்ட லாரிப் பட்டையை அளந்து வெட்டி, உலையில் சிவக்கக் காய்ச்சி, பழைய பட்டையின் வளைவோடு ஒத்துப் பார்த்துப் பார்த்து அடிக்கிறார்கள். இதில் சம்மட்டி அடியைவிட நுட்பமானது பதம். காய்ச்சியதை எண்ணெயில் முக்கிக் குளிரவைத்து, மறுபடியும் மிதமான சூட்டுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். இந்த இரண்டாவது சூட்டை விட்டுவிட்டால் பட்டை முதல் பள்ளத்திலேயே முறியும். அதிகமாகக் கொடுத்தால் சுமை ஏறியதும் தொய்ந்துவிடும். வெப்பமானி எதுவும் இல்லாமல், இரும்பின் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்கிறார்கள். எதிர்வெயிலில் நிறம் தெரியாது என்பதால் உலை எப்போதும் நிழலின் உட்பக்கத்தில்தான் இருக்கும்.

எஞ்சினிலும் இதே போக்குதான். பழைய மஹிந்திராக்கள் பலவற்றில் இருந்தது பிரான்சின் பெஜோ வடிவமைத்த 2112 சிசி டீசல் எஞ்சின். அதன் பிறகு வேறு டீசல்களும் வந்தன. கிளப்புவதற்குத்தான் பேட்டரி வேண்டும், ஓடத் தொடங்கிவிட்டால் டீசல் இருக்கும்வரை ஓடும். செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாவிட்டால் இறக்கத்தில் உருட்டிக் கியரில் போட்டுக் கிளப்பிவிடலாம், மலையில் இறக்கத்துக்கா பஞ்சம்! நான்கு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை என்ற சந்தேகம் வந்தால், மெக்கானிக் ஓடுகிற எஞ்சினில் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கிறார். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியதும் எஞ்சினின் சத்தம் மாறித் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லையென்றால் கோளாறு அங்கேதான். கையில் ஒரு ஸ்பேனர், கூடவே காது, ஒரு நிமிட நேரம். புகைக்குழாயும் தன் பங்குக்குச் சொல்லிவிடும்: கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிஞ்சுகிறது, நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எளிமையான வண்டி என்றால் உறுப்புகள் குறைந்த வண்டி என்று நினைக்கிறோம். உறுப்புகளை எண்ணுவதைவிட, கோளாறு கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிறதா என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல் என்பது என் கணிப்பு.

இந்தக் குணம் தற்செயலாக வந்ததல்ல. 1940இல் அமெரிக்க ராணுவம் ஓர் இலகுரக வேவு வண்டி கேட்டபோது, பழுது பார்க்கப் போகிறவர் சேற்றில் படுத்திருக்கும் சிப்பாய் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. வில்லிஸ் செய்த ஜீப்பின் உறுப்புகள் ஃபோர்டு செய்த ஜீப்பிலும் பொருந்தின. இரண்டு உடைந்த வண்டிகளைச் சேர்த்து ஓடும் வண்டி ஒன்றைத் தேற்ற முடிந்தது. அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் 1947இலிருந்து மஹிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிறகு எஞ்சின் மாறியது, உடல் நீண்டது, சட்டகம், பட்டை, திட அச்சு என்ற அமைப்பு மாறவில்லை. போடிநாயக்கனூர்ப் பட்டறைக்காரர்கள் ஒரு வண்டியின் கிரவுன் பல்சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டும்போது, போர்க்களத்துக்கு என்று யோசித்த வசதியைத்தான் அனுபவிக்கிறார்கள்.

புதிய வண்டிகள் இப்படி உடைவதே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சின் பழையதைவிடக் குறைவாகக் குடிக்கிறது, குறைவாகப் புகைக்கிறது, நெடுநாள் தொந்தரவு தருவதில்லை. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 மாசு விதியைப் பழைய பம்பும் நாசிலும் வைத்துக்கொண்டு எட்டவே முடியாது. கரும்புகைக்குப் பரிந்து பேச எனக்கு மனமில்லை. பாதுகாப்பில் பழைய ஜீப்பின் நிலை இன்னும் மோசம். ஏர்பேக் இல்லை, பின்னால் எதிரும் புதிருமாக உட்காருகிறவர்களுக்குப் பெல்ட்டும் இல்லை; அளவுக்கு மீறி ஆளேற்றிக்கொண்டு அது மலை வளைவில் திரும்பும்போது எந்தக் கமான் பட்டையும் காப்பாற்றாது. ஆனால் புதிய வண்டி குறைவாக உடைகிறது என்பதும், உடைந்தால் என்ன ஆகிறது என்பதும் வேறு வேறு கணக்குகள். காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். அங்கே நட்டைத் தளர்த்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. ஒரு சென்சார் ஒயர் அறுந்தாலும் வண்டி வேகத்தைச் சுருக்கிக்கொள்ளும், சில நேரம் கிளம்பவே கிளம்பாது. எது போனது என்று ஸ்கேனர்தான் சொல்ல வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு அது ஒரு போன் அழைப்பில் தீரும் தொல்லை. போடிமெட்டுக்கு மேலே பழுதாகி நின்றால் ஓட்டுநருக்கும் ஏறியிருக்கும் அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பழைய வண்டியின் பழுதுச் செலவு குறைவாக இருப்பதற்குப் பட்டறைக்காரரின் கூலி குறைவாக இருப்பதும் காரணம் இல்லையா? ஆம். வண்டிக்கடியில் சாக்குப்பை விரித்துப் படுத்துக் கியர் பாக்ஸை மார்பில் தாங்கி இறக்குகிறவருக்குப் பெரும்பாலும் சான்றிதழும் இல்லை, காப்பீடும் இல்லை. பத்து விரலும் முழுதாக இருப்பதையே அதிர்ஷ்டமாக நினைக்கும் தொழில் இது. சின்ன வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்து, அண்ணன்மார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே கற்றவர்கள் பலர். இதை எளிமையின் வெற்றி என்று கொண்டாட முடியாது. ஆனால் பழுது பார்க்க முடியாத வண்டி வந்துவிட்டால் அவருடைய கூலி உயராது. அவர் கையிலிருக்கும் தொழிலே போகும், அவருக்கு வந்த பழுதுப் பணம் தொலைதூர சர்வீஸ் சென்டருக்கும் உதிரிபாகத்தை மொத்தமாக மாற்றச் சொல்லும் நிறுவனத்துக்கும் போகும். அவரை உயர்த்துவதற்கு வழி, புதிய வண்டியின் கதவையும் அவருக்குத் திறந்துவிடுவது.

அது முடியாத காரியமும் அல்ல. கார் நிறுவனங்கள் தங்கள் டீலருக்குத் தரும் கோளாறு அறியும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே சட்டம் போட்டது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. இணையதளம் மட்டும் போதாது. வயரிங் வரைபடமும் கோளாறுக் குறியீடுகளும் நியாயமான விலையில் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தமிழில் கிடைக்கும்படி சட்டம் வேண்டும், ஐடிஐக்களில் மாலை வகுப்பாக அதைக் கற்பிக்கவும் வேண்டும். அதுவரை, மலையோரத்தில் பிழைப்புக்காக வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஷோரூமில் மைலேஜ் கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊர்ப் பட்டறைக்குப் போய், இந்த வண்டியின் கிளட்ச் பிளேட்டை இங்கேயே மாற்ற முடியுமா, எத்தனை நாளாகும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.