சென்னையில் எழுந்த எங்கள் தெரு

பிறந்த ஊரின் பெயரைப் பெருமையோடு சொல்லும் மனிதனுக்கு, குடியிருக்கும் தெருவின் பெயரைச் சொல்லச் சில வேளைகளில் நா எழுவதில்லை. அலுவலகத்தில் எவரேனும் "வீடு எங்கே?" என்று வினவினால், "சயான்" என்பேன். முழுப் பொய்யன்று, நான் இறங்கும் நிலையம் சயான்தான். ஆனால் அங்கிருந்து நான் நடந்து செல்வது தாராவிக்கு.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இங்கே தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் உழைத்தவர். அவர் கட்டிய தகரக் குடிசை நான் பிறக்கும் முன்பே இடிக்கப்பட்டு, செங்கல் வீடாயிற்று. அந்தக் குடிசைக்கு ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, தொலைக்காட்சியில் மணிரத்னத்தின் 'நாயகன்' படம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்கள். "ஏல, இங்க வந்து பாரு! நம்ம பழைய தெருல்லா இது!" என்றார்கள். தகரக் கூரைகளுக்கிடையே தம் வீட்டு வாசலையே அவர்கள் கண்கள் தேடின.

மறுநாள் இதை அலுவலக நண்பர் ஒருவரிடம் கூறினேன். சினிமா விவரம் அறிந்தவர் அவர். "அந்தக் குடிசைகளில் பெரும்பாலானவை சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் போட்ட செட் அல்லவா!" என்று சிரித்தார். என் மனம் சுருங்கிற்று. அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன். அம்மா சற்றே யோசித்து, "அப்பம் அந்த மனுசன் நம்ம தெருவ நல்லாப் பாத்துருக்காருல்லா" என்றார்கள்.

அந்த மனிதர் கலை இயக்குநர் தோட்டா தரணி. தாராவிக்கு நேரில் வந்து பார்த்துச் சென்று, அதைச் சென்னையில் எழுப்பினார். 1987-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 35-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் 'நாயகன்' மூன்று விருதுகள் பெற்றது. நடிப்புக்காகக் கமல்ஹாசனும், ஒளிப்பதிவுக்காகப் பி. சி. ஸ்ரீராமும், கலை இயக்கத்துக்காகத் தரணியும் பெற்றனர். இப்போது அவ்விருது தயாரிப்பு வடிவமைப்புக்கான விருது என்று வழங்குகிறது.

விந்தையான தொழில் இது. நடிகரின் திறமையை எல்லோரும் காண்கிறோம். கலை இயக்குநர் திறம்பட உழைத்தாலோ, அவர் உழைத்ததே நமக்குத் தெரிவதில்லை. ஒரு சுவர் அளவுக்கு மீறித் தூய்மையாக இருந்தால் போதும், பொய் வெளிப்பட்டுவிடும். கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கும், தண்ணீர்ப் பீப்பாய் எங்கே நிற்கும், புகை எந்தப் பலகையைக் கறுக்கவைக்கும் என்பதையெல்லாம் மதித்து நோக்கியவருக்கே இது கைகூடும்.

நான் சொல்லக் கூசிய தெருவை, ஒருவர் கண்ணுங்கருத்துமாகப் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்த்ததற்கு நாடு வெள்ளித் தாமரை அளித்திருக்கிறது. கூச்சம் தெருவினுடையதன்று, என்னுடையது என்பதை அன்று உணர்ந்தேன்.

சென்ற மாதம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த இளைஞர் என் வீடு எங்கே என்று கேட்டார். "தாராவி" என்றேன். "அப்படியா? ஒரு நாள் வருகிறேன்" என்றார். அவ்வளவே!

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருப்பின், அவர்கள் முதலில் குடியேறிய வீட்டின் வாசல் எத்திசை, அடுப்பு எம்மூலை என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். நான் அம்மாவிடம் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டேன்.